நாகர்கோவிலில் ஒரு பகல்

தென்கோடிக்குச் சுற்றுலாச் செல்லும் பேருந்துகள் நாகர்கோவிலில் அதிகம் நிற்பதில்லை. நின்றாலும் தேநீர் அருந்தும் நேரந்தான். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குமரிமுனை இருக்க, இடைவழி நகரம் ஒன்றை யார் பொருட்படுத்துவர்? ஈரோடு மாவட்டத்து நெசவாளர் சங்கங்களையும் விவசாயச் சங்கங்களையும் சேர்ந்த அங்கத்தினர் நாற்பது பேருடன் சென்ற ஆவணியில் நாங்கள் புறப்பட்டபோதும், ஓட்டுநருக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காகவே இந்நகரில் ஒரு நாள் தங்க ஏற்பாடு செய்திருந்தோம். அந்த ஒரு நாளைப் பற்றியே இக்கட்டுரை.

பிரயாணத்தின் உண்மையான நோக்கம் பாலராமபுரம். திருவனந்தபுரத்துக்கு இப்பால் உள்ள அந்த நெசவூரின் கசவு வேட்டியைப் பார்த்துவர வேண்டும் என்ற பேச்சு எங்கள் வட்டாரத்தில் ஓராண்டாகவே இருந்துவந்தது. போர்வைக்கும் ஜமக்காளத்துக்கும் வரும் கேட்பு குறைந்துவிட்டது. தறிகளில் பாதியையாவது நயமான பருத்தி வேட்டிக்கு மாற்றலாம் என்பது ஒரு சாராரின் அபிப்பிராயம். பண்ணையும் விழுதும் மாற்றச் சங்கப் பணம் செலவாகுமே, பழகிய கையைப் புதிய வேலைக்குத் திருப்ப எத்தனை மாதக் கூலி போகுமோ என்பது மறு சாராரின் அச்சம். நேரில் கண்டபின் பொதுக்குழுவில் வாக்கெடுப்பது என முடிவாயிற்று. வழிச்செலவை அங்கத்தினர் தாமே பங்கிட்டுக்கொண்டனர். ஆகவே தணிக்கையாளர் எவரும் பேனாவைத் திறக்க வேண்டியதில்லை.

திருநெல்வேலியில் இரவைக் கழித்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கே வண்டியேறினோம். முப்பந்தலை நெருங்கும்போது இருளில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியின் பக்கவாட்டில் மோதியது. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் சற்றே விட்டுக்கொடுத்த இந்த வாசலைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரு வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்தது. அன்றுதான் கல்குளம், விளவங்கோடு வட்டங்களையும் சேர்த்துக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டோடு இணைந்தது.

தோவாளையில் இறங்கியபோது கிழக்கு வெளுக்கவில்லை. பூச்சந்தையோ நடுப்பகல் போல் விழித்திருந்தது. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்த நாள். கேரளத்துக்குச் செல்லும் வண்டிகள் வரிசையாக நின்றன. செவ்வந்தி, வாடாமல்லி, அரளி, சம்பங்கி, ரோஜா என்று குவியல் குவியலாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஜாதிமல்லி என்பதை இங்குப் பிச்சி என்கிறார்கள். சுற்றுவட்டத்துப் பூ மட்டுமன்று. ஓசூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் இங்குச் சரக்கு வருகிறது.

எங்களுடன் வந்த சத்தியமங்கலத்து உழவர் ஒருவர் மல்லிகைக் குவியல் ஒன்றின்முன் நின்றுவிட்டார். மொட்டை விரலில் உருட்டிப் பார்த்தார், முகர்ந்தார். "ஏனுங்க அண்ணாச்சி, இது எந்த ஊர்ப் பூவுங்க?" என்றார். "சத்தியமங்கலம். ராத்திரி வந்து எறங்குனது," என்றார் வியாபாரி. தம் தோட்டத்தில் முந்தைய நாள் விடியலில் பறிக்கப்பட்டதாகவே இருக்கலாம் என்று உழவர் எண்ணியிருக்க வேண்டும். உடனே விலை கேட்டார். சொல்லப்பட்ட விலைக்கும் முந்தைய நாள் தம் ஊரில் போன விலைக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டே வெகுநேரம் பேசாமல் நடந்தார்.

இவ்விடைவெளி முழுவதும் யாரோ ஒருவர் மடியில் விழுகிறது என்று சொல்வது எளிது, சரியன்று. வண்டிச் சத்தம், தரகு, வழியில் வாடிக் கழிவது, விற்காமல் மிஞ்சுவது எல்லாம் அதில் அடக்கம். மல்லிகை மொட்டுக்கு ஆயுள் ஒரு நாள். அந்த ஒரு நாளில் பாதி சாலையிலேயே போய்விடுகிறது. ஆயினும் இங்கே இன்று என்ன விலை என்பது அங்கே பூப்பறிப்பவருக்குத் தெரியாமல் இருப்பதற்கு இக்காலத்தில் யாதொரு நியாயமும் இல்லை. கையில் தொலைபேசி இல்லாத உழவர் இல்லை. நாலைந்து சந்தைகளின் விலையைக் காலை ஆறு மணிக்குள் தன் அங்கத்தினருக்குத் தெரிவிப்பது ஒரு சங்கத்துக்குப் பெரிய செலவு அன்று. அந்த உழவர் இரண்டு வியாபாரிகளின் எண்களை எழுதி வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறினார்.

நெசவாளர்களைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. தோவாளை மாணிக்கமாலை. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து நாரில் கோத்து, பட்டையாக, பாய்போலத் தட்டையாகக் கட்டுகிறார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த ஆரம்போல் தோன்றுகிறது. பெயர் வந்த காரணமும் அதுவே. 2025-இல் இம்மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "இதில் பாவு எது, ஊடை எது?" என்று எங்கள் நெசவாளர்களுக்குள் ஒரு வாதமே மூண்டது. கட்டிக்கொண்டிருந்த அம்மையார் தலை நிமிராமல் சிரித்தார்.

பொழுது விடிந்தபின் சாலையோர வயல் ஒன்றில் அரைமணி நேரம் நின்றோம். கன்னிப்பூ அறுவடை நடந்துகொண்டிருந்தது. இங்கே போகத்தைப் பூ என்பர். தென்மேற்குப் பருவமழையை ஒட்டியது கன்னிப்பூ, வடகிழக்குப் பருவமழையை ஒட்டியது கும்பப்பூ. இரண்டு மழையும் பெறும் மாவட்டம் என்ற பேறு எங்கள் வறண்ட கொங்கு நாட்டாருக்குப் பெருமூச்சை வரவழைத்தது. மழையை மட்டும் நம்பி இவர்கள் இருந்துவிடவில்லை. கோதையாற்றில் பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பெற்றது. மூலம் திருநாள் மகாராஜா காலத்து வேலை. கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்கருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பின்னர்க் கட்டப்பெற்ற பெருஞ்சாணி அணையும் சேர்ந்து, கால்வாய்கள் வழியாகப் பழையாற்றுப் பாசனத்துக்கு நீர் தருகின்றன.

நீர் இருக்கிறது, நிலந்தான் சுருங்குகிறது. அறுவடை இயந்திரம் ஓடிய வயலுக்கு அடுத்த வயலில் தென்னை, அதற்கடுத்து வாழை, அதற்கும் அடுத்து வீட்டுமனைக் கற்கள். வயலுக்குரிய பெரியவரிடம் எவ்வளவு நிலம் என்று கேட்டோம். ஏக்கரில் சொல்லவில்லை; "பத்து மரக்கால் விதைப்பாடு" என்றார். விதைக்கும் நெல்லின் அளவைக்கொண்டே நிலத்தை அளந்த நாட்டு வழக்கு அவரோடு இன்னும் வாழ்கிறது. ஏன் எல்லாரும் நெல்லை விடுகிறார்கள் என்றதற்கு, "நெல்லு வெதச்சா கடன், வாழ வச்சா காத்து. மனையாக்குனா ரெண்டும் இல்ல, அண்ணாச்சி" என்றார். அவர் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களாம்.

நிலம் துண்டாவதைப் பற்றி இந்நாட்டில் வேறொரு பழைய கதையும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும் முறை இருந்தது. வழக்குகளில் குடும்பங்கள் அழிந்ததைத் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியம் என்ற நூலில் நகைச்சுவையாக எழுதினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் இயற்றி அம்முறைக்கு முடிவு கட்டியது. நல்ல காரியந்தான். ஆயினும் பங்கிட்டுப் பங்கிட்டு வந்த வயல் இன்று மனைக்கு மட்டுமே அளவாக நிற்கிறது.

ஒன்பது மணிக்கு நகருக்குள் புகுந்தோம். முதலில் நாகராஜர் கோயில். நகரின் பெயருக்கே உரியது. நாங்கள் சென்றது வியாழக்கிழமை. ஆவணி ஞாயிறு எனில் பாலூற்ற வரும் கூட்டத்தில் உள்ளே நுழைந்திருக்க முடியாது. மூலவர் கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். மண்ணே பிரசாதம். தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் முதலிய சமணத் திருவுருவங்களைக் காணலாம். ஒரு காலத்தில் சமணருக்கு உரியதாயிருந்த இடம் என்பதை எவரும் மறைக்கவில்லை, சிலைகளை எவரும் அகற்றவுமில்லை.

மணிமேடை நகரின் நடுவில் இருக்கிறது. 1893-இல் மூலம் திருநாள் மகாராஜாவால் திறக்கப்பெற்றது. கீழே நின்று கழுத்தை நிமிர்த்திப் பார்த்தோம், போக்குவரத்துக் காவலர் எங்களை நகரச் சொன்னார், நகர்ந்தோம்.

அங்கிருந்து லண்டன் மிஷன் சபையார் அமைத்த ஹோம் சர்ச் என்னும் கஸ்பா சபைக்குச் சென்றோம். மீட் பாதிரியார் 1819-இல் தொடங்கிய கோயில். கட்டடம் பெரிது, எங்கள் சிந்தையைக் கவர்ந்தது கட்டடமன்று, நூல். அதே 1819-இல் இங்கு வந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், 1821 வாக்கில் தம் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இதற்குத் தறி வேண்டாம். கெட்டியான தலையணை ஒன்றின்மேல் மாதிரி வரைந்த அட்டையை வைத்து, ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. குச்சி கூடக் கூட வேலை நுணுகும். நாகர்கோவில் லேஸ் என்று கடல் கடந்து விற்கும் பெயர் அதற்கு உண்டாயிற்று. அம்மரபில் வந்த பூத்தையல் வேலை இம்மாவட்டத்துப் பெண்கள் கையில் இன்றும் இருக்கிறது.

இதில் முக்கியமானது வேறு. அச்சிறுமியரில் சிலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன்னரே, லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துச் சிலர் தம்மைத் தாமே விலைக்கு மீட்டுக்கொண்டனர் என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. இதைச் சொன்னபோது எங்கள் குழுவிலிருந்த நெசவுப் பெண்மணி ஒருவர், "அப்படீன்னா கூலிய அவங்க கையிலயே குடுத்திருக்கோணுமுங்க," என்றார். சரியான ஊகம். கூலி தகப்பன் கைக்கோ எசமானன் கைக்கோ போயிருந்தால் அந்தக் காசு சேர்ந்திராது. எங்கள் சங்கங்களில் வீட்டுக்கு ஒருவர் பெயரில் அங்கத்தினர் அட்டை. தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் செய்யும் பெண்ணுக்குத் தனிக் கணக்கு இல்லாத வீடுகளே அதிகம். அப்பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. பிற்பகல் முழுவதும் முணுமுணுப்பாகத் தொடர்ந்தது.

மதிய உணவு சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, அவியல், துவரன், தீயல். தேங்காய் இல்லாத பதார்த்தம் தேடினோம். தண்ணீர் மட்டுமே அகப்பட்டது. மட்டிப்பழத்துக்கு மட்டும் எல்லாரும் மறுமுறை கை நீட்டினார்கள். விரல் பருமன்தான், மணம் கூடத்தை நிறைக்கும்.

பிற்பகலில் கோட்டாறு. நாகர்கோவில் என்ற நகரம் எழும்புமுன்னரே வாணிகத்துக்குப் பேர்பெற்ற ஊர் இது. புனித சவேரியார் பேராலயம் இங்கே இருக்கிறது; 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பெற்ற தேவசகாயம் பிள்ளையின் கல்லறையும் இங்கேதான். கடைத்தெருவில் அரிசியும் பலசரக்கும் இன்றும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன.

திருவிதாங்கூர் ஆட்சியில் கோட்டாறும் மேற்கே இரணியலும் நெசவுக்குப் பெயர்போனவை. நாங்கள் மறுநாள் காணச் சென்ற பாலராமபுரத்தின் வேரும் இப்பக்கத்திலேயே இருக்கிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜா காலத்தில், அரண்மனைக்கு வேண்டிய நயத்துணி நெய்வதற்காக நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் சாலியர் குடும்பங்கள் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன என்பது அவ்வூர் வரலாறு. மலையாளத்துக் கைத்திறன் என்று நாங்கள் எண்ணிப் புறப்பட்டது, தமிழ் நெசவாளர் தம் கையோடு எடுத்துச் சென்ற தொழில். ஒரு கணம் எங்கள் முதியவர்களுக்குப் பெருமைதான். "அப்ப கத்துக்கறதுக்கு என்ன இருக்குது? நம்ம தொழில்தானே!" என்றார் ஒருவர். "ராஜா வீடு குடுத்தாரு, வாங்கவும் அவரே இருந்தாரு. நமக்கு ஆரு இருக்கறாங்க?" என்றார் மற்றொருவர். இரண்டாமவர் சொல்லில் கருத்து அதிகம்.

நெசவாளர்கள் எவரும் கோட்டாற்றுப் பக்கம் வந்தால் அறிந்துகொண்டு போக வேண்டிய சரித்திரம் இன்னொன்று உண்டு. தோள்சீலைப் போராட்டம். தென் திருவிதாங்கூரில் நாடார் சமூகப் பெண்களும் அவர்களைப் போல் தாழ்த்தி வைக்கப்பட்ட பிற சமூகத்துப் பெண்களும் மார்பை மறைத்து மேலாடை அணியலாகாது என்று வழக்கம் கட்டளையிட்டது. 1810-களில் ஆங்கில ரெசிடெண்ட் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று உத்தரவிட்டார். 1822 முதல் கலகம் எழுந்தது. மேலாடை அணிந்து சந்தைக்கு வந்த பெண்களின் துணி பலர் காணக் கிழிக்கப்பட்டது. 1829-இல் அரசுப் பிரகடனம் ஒன்று அவ்வுரிமையை மறுத்தது. 1858-இல் மீண்டும் கலகம். பள்ளிகளும் கோயில்களும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் வற்புறுத்தியபின், 1859 ஜூலை 26 அன்று மகாராஜா மேலாடைக்கு அனுமதி அளித்தார். அதிலும், மேல்சாதிப் பெண்கள் அணியும் பாணியில் அணியலாகாது என்ற நிபந்தனை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இதே காலத்தில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809–1851), நகருக்குத் தென்கிழக்கே சாமித்தோப்பில் இருந்து, தம் வழி வந்த ஆடவரைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். தலைப்பாகையும் மறுக்கப்பட்டிருந்த துணியே.

கடைத்தெரு ஓரத்தில் நின்று இதைச் சொல்லி முடித்தபோது எவரும் பேசவில்லை. பிறகு, காலையில் கூலியைப் பற்றிக் கேட்ட அதே பெண்மணி கேட்டார்: "ஏனுங்க சார், அப்ப இந்த ஊர்த் தறியில நெய்ஞ்ச மேல்துணிய ஆரு வாங்கிக் கட்டுனாங்க?"

அரண்மனையும் அக்கிரகாரமும் மேல்சாதி வீடுகளும் என்று மறுமொழி சொன்னோம். தறிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்த பெண்ணுக்கு அதைத் தோளில் போட உரிமை இல்லை. நெய்தவருக்கு வாங்குபவர் ஒரு சிறு வட்டத்தினர் மட்டுமே. சரித்திரப் புத்தகங்கள் இதை மானப் பிரச்சினையாகவே எழுதுகின்றன. மானப் பிரச்சினைதான், ஐயமில்லை. தறிக்காரர் பக்கம் நின்று பார்த்தால், ஊரில் பெரும்பகுதியினரைத் துணிக்கடையிலிருந்து விலக்கி வைத்த ஏற்பாடாகவும் அது தெரிகிறது. அரண்மனையை நம்பிய நெசவு அரண்மனை இருக்கும் வரைதான்.

மாலையில் குமரிமுனை சென்றோம். விவேகானந்தர் பாறையையும், திருவள்ளுவர் சிலையையும், 2024 டிசம்பரில் இரண்டுக்கும் இடையே திறக்கப்பெற்ற கண்ணாடிப் பாலத்தையும் பற்றி எழுதாதவர் இல்லை. மேகம் மறைத்ததால் சூரிய அஸ்தமனம் கிட்டவில்லை. நேந்திரங்காய் வறுவல் கிட்டியது.

இரவு விடுதி மாடியில் வட்டமாக உட்கார்ந்தோம். மறுநாள் பாலராமபுரத்தில் என்னென்ன கேட்பது என்று எழுதிக்கொள்வதே வேலை. புறப்படும்போது கைவசமிருந்த பட்டியலில் நூல் நம்பர், பண்ணையின் அளவு, கசவு எங்கே வாங்குவது, ஒரு வேட்டிக்கு எத்தனை நாள் என்பவையே இருந்தன. அவை இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு, கீழே புதிதாகச் சேர்த்தார்கள். நூல் யார் கொடுக்கிறார், துணி யாருக்குப் போகிறது? ஓணம் முடிந்தபின் பத்து மாதம் தறி ஓடுகிறதா? தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் நாளில் மழை வந்தால் அந்நாள் கூலி யார் தலையில்? பெண்ணுக்குக் கணக்கு தனியா, புருஷனோடு சேர்த்தா? விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவரை அவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள்? பாலராமபுரத் துணிக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் அப்பெயரில் நாம் விற்க முடியாது. அப்படியானால் எந்தப் பெயரில்? கடைசிக் கேள்வியை எழுதியவர் இருபத்து மூன்று வயது இளைஞர். தகப்பனார் வற்புறுத்தியதால் மட்டுமே வந்தவர். ஊர் திரும்பியதும் திருப்பூர் பனியன் வேலைக்குப் போவதாக இருந்தவர். அன்று பகல் முழுவதும் அவர் வாய் திறக்கவில்லை. அவர் எழுதியது: "இங்கு என் வயதில் எத்தனை பேர் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

வேட்டிக்கு மாறலாம் என்றவர்களில் இருவர் அன்றிரவு தயங்கத் தொடங்கினர். கூடாது என்றவர்களில் மூவர், பார்த்தபின் சொல்கிறோம் என்றனர்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தக்கலை வழியாக மேற்கே புறப்பட்டோம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு நேரமில்லை. மார்த்தாண்டத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று உழவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் கிராமப் புனரமைப்பு நிலையம் நடத்தி, பெட்டியில் தேனீ வளர்க்கப் பழக்கிய ஊர் அது. அங்கே தேன் வாங்கிக்கொண்டு களியக்காவிளை எல்லையைத் தாண்டினோம். பாலராமபுரத்துத் தெருக்களில் பாவு நீட்டியிருந்தார்கள், மழை இல்லை. கேள்விகளுக்குக் கிடைத்த மறுமொழிகளை அடுத்த இதழில் எழுதுவோம்.